பொது ஒலிபரப்புக்குப் பணம் தருவது யார்?

வடசென்னைக் கடற்கரையும் மீஞ்சூர் வயலும் தரும் பாடம்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று ஆலைகளும் மீனவர் குப்பங்களும் கலந்து கிடக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தைக் கடந்து அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி என்று போனால் நெல் வயல்கள் தொடங்கிவிடுகின்றன. காசிமேட்டிலிருந்து படகு இறக்குபவருக்கும், பொன்னேரியில் நாற்று விடுபவருக்கும் தொழில் வேறு, தேவை ஒன்று. காற்று எந்தத் திசையில் அடிக்கும், மழை எப்போது வரும், புயல் சின்னம் எங்கே நிற்கிறது என்பது இருவருக்கும் நேரத்தோடு தெரிந்தாக வேண்டும். தாய்மொழியில், செலவின்றித் தெரிய வேண்டும்.

இந்த வேலையைப் பல காலமாக வானொலியும், பிறகு தூர்தர்ஷனும் செய்து வந்துள்ளன. இன்று கைப்பேசியில் இணையம் வழியாகப் படமும் பாட்டும் ஓடுகின்றன. மக்களின் கண்ணும் காதும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. விளம்பரப் பணமும் கூடவே போகிறது. இந்நிலையில் பொது ஒலிபரப்பு யாருடைய பணத்தில் நடக்க வேண்டும் என்ற கேள்வி உலகெங்கும் எழுந்துள்ளது. இது பட்டணத்தார் பேசிக்கொள்ளும் விஷயம் என்று விவசாயிகள் ஒதுக்கிவிடக் கூடாது. முதலில் நஷ்டப்படப் போகிறவர் சிறு விவசாயியும் சிறு மீனவரும்தான்.

சந்தாவில் நின்றது, பொதுப் பணத்தில் ஓடியது

இந்தக் கேள்விக்கு வடசென்னையிலேயே ஒரு பழைய விடை இருக்கிறது. 1924-ஆம் ஆண்டில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலி சங்கம் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கியது. சங்கத்தினர் தரும் பணத்தை நம்பி நடந்த அந்த ஒலிபரப்பு, பண நெருக்கடியால் 1927-இல் நின்றுவிட்டது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி, 1930 ஏப்ரல் 1 முதல் தன் பொறுப்பில் ஒலிபரப்பு நடத்தியது. மெரினா, உயர்நீதிமன்றக் கடற்கரை, இராயபுரம் இராபின்சன் பூங்கா முதலிய இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. வானொலிப் பெட்டி வாங்க வசதியில்லாதவரும் மாலையில் பூங்காவில் அமர்ந்து கேட்க முடிந்தது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கும் வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. வசதியுள்ளவர்களின் சந்தாவில் நிலைக்காத ஒலிபரப்பு, ஊர்ப் பொதுப் பணத்தில் எட்டாண்டுகள் நடந்தது. அதோடு, பெட்டி இல்லாதவரையும் சென்றடைந்தது.

லைசென்சு போனது, விளம்பரம் வந்தது

வயதான விவசாயிகளுக்கு வானொலி லைசென்சு புத்தகம் நினைவிருக்கும். ஆண்டுக்கு 15 ரூபாய் தபால் நிலையத்தில் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிரான்சிஸ்டர் பெருகியதும் வசூலிப்பது சிரமமாயிற்று. 1980-களின் நடுவில் இந்தக் கட்டணம் முற்றிலும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே 1967-இல் விவித பாரதியிலும், 1976-இல் தொலைக்காட்சியிலும் விளம்பரம் நுழைந்துவிட்டது. 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி 1997-இல் பிரசார் பாரதி அமைந்தது. இன்று ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் அதன் கீழ் உள்ளன. மத்திய அரசின் மானியம், விளம்பரம், கோபுர வாடகை, இலவச டிஷ் சேவையில் தனியார் அலைவரிசைகளுக்கு விடப்படும் ஏலம் ஆகியவையே அதன் வருவாய். அரசு மானியத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே செல்கிறது.

விளம்பரத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும்? விளம்பரப் பணம் தலைமடையில் பாயும் நீரைப் போன்றது. வாங்கும் சக்தி உள்ளவர் எங்கே இருக்கிறாரோ அங்கேதான் அது பாயும். சம்பாவில் குலை நோய்க்கு என்ன மருந்து தெளிப்பது என்று சொல்லும் பதினைந்து நிமிட நிகழ்ச்சிக்கு எந்தச் சோப்பு நிறுவனமும் போட்டி போட்டுக்கொண்டு பணம் தராது. கடைமடைக்குத் தண்ணீர் வர வேண்டுமானால், அதற்கென முறை வைத்துத் திறந்துவிட வேண்டும்.

அப்படித் திறந்துவிட்டதன் பலனைத் தஞ்சை விவசாயிகள் கண்டிருக்கிறார்கள். 1966 முதல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. அக்காலத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் இரகத்தைப் பற்றித் திருச்சி வானொலி திரும்பத் திரும்ப எடுத்துச் சொன்னது. வானொலியைக் கேட்டுப் பயிரிட்ட விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த நிகழ்ச்சிகளுக்கு லாபக் கணக்கு பார்த்திருந்தால் அந்தப் பெயர் பிறந்திருக்காது.

கைப்பேசி இருக்கும்போது வானொலி எதற்கு?

எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே, செயலியில் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். செயலி வேண்டாதது அல்ல. பிரசார் பாரதியும் 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற இணையத் திரையைத் தொடங்கியுள்ளது. விட்டுப்போன நிகழ்ச்சியைப் பிறகு கேட்கவும், நோய் தாக்கிய இலையைப் படமாகப் பார்க்கவும் இணையம் நல்ல துணை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஒரு வானொலிக் கோபுரத்திலிருந்து வரும் ஒலியை ஆயிரம் பேர் கேட்டாலும் பத்து லட்சம் பேர் கேட்டாலும் நிலையத்திற்குச் செலவு ஒன்றே. கேட்பவருக்குக் கட்டணம் இல்லை. இணையத்தில் கேட்பவர் ஒவ்வொருவரும் டேட்டாவுக்குப் பணம் கட்ட வேண்டும். அனுப்புகிறவருக்கும் ஆள் கூடக் கூடச் செலவு ஏறும்.

இரண்டாவது, ஆபத்துக் காலம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழையில் வடசென்னை மூழ்கியது. பல இடங்களில் மின்சாரம் நின்றது. கைப்பேசித் தொடர்பும் அறுந்தது. மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, படகிலும் வலையிலும் படிந்தது. எங்கே தண்ணீர் ஏறுகிறது, எந்த வழியில் போகலாம், எங்கே முகாம் என்ற செய்திதான் அப்படிப்பட்ட நாளில் உயிர் காக்கும். இரண்டு பாட்டரி போட்ட வானொலிப் பெட்டி அந்த நேரத்திலும் பேசும்.

மூன்றாவது, கடல். கரையிலிருந்து சில கடல் மைல் தாண்டினால் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. எஃப்.எம். ஒலிபரப்பும் கோபுரத்தின் கண்பார்வைத் தூரத்திற்கே நன்றாக எட்டும். மத்திய அலை ஒலிபரப்போ உப்பு நீரின் மேல் வெகு தூரம் செல்லக்கூடியது. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒலிபரப்பு வசதிகளைப் பெருக்க 2,539 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மக்கள்தொகையில் 80 சதவீதத்தினருக்கு எஃப்.எம். எட்ட வேண்டும் என்பது அதன் ஒரு குறிக்கோள். நல்ல குறிக்கோளே. ஆனால் மக்கள்தொகைக் கணக்கில் கடல் வராது. காசிமேட்டுப் படகு வராது. மத்திய அலைக் கருவிகள் பழையவை, செலவு பிடிப்பவை என்று மூடுவதற்கு முன்னால் இதை எண்ணிப் பார்ப்பது அவசியம்.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் பி.பி.சி.க்காக வீட்டுக்கு ஒரு லைசென்சு கட்டணம் உண்டு. 2025 ஏப்ரலில் அது ஆண்டுக்கு 174.50 பவுண்டாக உயர்ந்தது. நம் பணத்தில் ஏறத்தாழ 20 ஆயிரம் ரூபாய். இணையத்தோடு நின்றுவிடும் வீடுகள் கூடிவருவதால் அங்கும் இந்த முறை ஆட்டம் கண்டுள்ளது. ஜெர்மனியில் 2013 முதல், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிறார்கள். அரசு உதவித்தொகையில் வாழ்வோர் விலக்குப் பெறலாம். பின்லாந்தில் அதே ஆண்டு முதல் வருமானத்திற்கு ஏற்ற வரி. குறைந்த வருமானக்காரர் கட்ட வேண்டியதில்லை. பிரான்சு 2022-இல் தொலைக்காட்சிக் கட்டணத்தை நீக்கி, பொது வரியிலிருந்து பணம் ஒதுக்கியது. கனடாவில் 2024-இல், பெரிய இணையத் திரை நிறுவனங்கள் அந்நாட்டு வருவாயில் 5 சதவீதம் தர வேண்டும் என்று ஒலிபரப்பு ஆணையம் உத்தரவிட்டது. நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன.

அமெரிக்காவில் நடந்தது எச்சரிக்கை. 2025 ஜூலையில் அந்நாட்டு நாடாளுமன்றம், பொது ஒலிபரப்புக்கு இரண்டு ஆண்டுகளுக்கென ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரை ஒரே சட்டத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பெரிய நகர நிலையங்களுக்கு நன்கொடை தர ஆள் உண்டு. கிராமப்புறச் சிறு நிலையங்களுக்குத்தான் பெரும் அடி. ஆட்சியாளரின் ஆண்டு மானியத்தை மட்டும் நம்பினால், பிடிக்காத நாளில் மடையை அடைத்துவிடலாம் என்பது இதனால் தெரிகிறது.

நம் நாட்டிலேயே வழி இருக்கிறது

இந்தியாவில் மறுபடியும் பெட்டிக்கு லைசென்சு வைப்பது சரியாகாது. வசூல் செலவே வருவாயைத் தின்னும். சுமை ஏழை மீது விழும். நம்மிடமே இரண்டு நல்ல முன்மாதிரிகள் உள்ளன.

ஒன்று, நூலக வரி. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலகத்துக்கென ஒரு சிறு வரி வசூலிக்கப்படுகிறது. இப்போது அது ரூபாய்க்குப் பத்துக் காசு. இராயபுரத்து வீட்டுக்காரரும் மீஞ்சூர் வீட்டுக்காரரும் இதைக் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் கிளை நூலகங்கள் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்றது, தொலைபேசி நிறுவனங்கள் தரும் பங்கு. கிராமங்களுக்கும் தொலைபேசி சென்று சேர வேண்டும் என்பதற்காக 2002 முதல் அந்நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம் ஒரு தனி நிதிக்கு எடுக்கப்படுகிறது. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றினார்கள். நம் நாட்டில் விளம்பரத்திலும் சந்தாவிலும் பெரும் வருவாய் பார்க்கும் இணையத் திரை நிறுவனங்களிடமும் இதே போல ஒரு சிறு பங்கு கேட்பது நியாயமே.

இதன் நியாயத்தை மீஞ்சூர் விவசாயிகளுக்கு விளக்கத் தேவையில்லை. 1960-களின் இறுதியிலிருந்து நகருக்கும் ஆலைகளுக்குமாக அப்பகுதி நிலத்தடி நீர் பெருமளவு இறைக்கப்பட்டது. கடல் நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது; கிணறுகள் உப்பாயின. பொதுவான ஊற்றிலிருந்து பெரியவர்கள் எடுத்துக்கொண்டே இருந்து, திரும்ப ஊறவைக்க யாரும் எதுவும் தராவிட்டால், கடைசியில் எல்லாருக்கும் உப்புத் தண்ணீர்தான். காற்றலை பொதுச் சொத்து, பொது நன்மைக்கே பயன்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்துள்ளது. விளம்பரச் சந்தைக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

பணம் வந்தால் மட்டும் போதாது

நிறுவனங்கள் அந்தப் பங்கைச் சந்தாதாரர் தலையில் கட்டிவிடுமே என்ற ஆட்சேபணை எழலாம். ஓரளவு உண்மைதான். ஆனால் அதைச் சுமப்பவர் மாதச் சந்தா கட்டும் வசதியுள்ளவர். வரப்பில் வானொலி கேட்கும் சிறு விவசாயி அல்ல.

இன்னொரு ஆட்சேபணை கனமானது. வசூலான பணம் உரிய இடத்துக்குப் போகுமா? தொலைபேசி நிதியில் பெருந்தொகை ஆண்டுக்கணக்கில் செலவாகாமல் கிடந்தது. நூலக வரியை வசூலித்துவிட்டு நூலகத் துறைக்குச் செலுத்தாமல் பாக்கி வைத்த உள்ளாட்சிகளும் உண்டு. ஆகவே சட்டத்திலேயே கீழ்க்கண்டவை இடம்பெறுவது நலம்:

1. அரசு மானியம் ஆண்டுதோறும் மாறாமல், ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட வேண்டும்.

2. இணைய நிறுவனங்கள் தரும் பங்கு தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதில் ஒரு பகுதி வேளாண்மை, மீன்வளம், வானிலை, பேரிடர் ஒலிபரப்புகளுக்கு என்றே ஒதுக்கப்பட வேண்டும்.

3. கடலோர மாவட்டங்களில் கடலுக்கு எட்டும் ஒலிபரப்பு, அதற்கு ஈடான வேறு வசதி ஒவ்வொரு படகுக்கும் கிடைக்கும் வரை தொடர வேண்டும்.

4. உரத் தட்டுப்பாடு, போலி விதை, கழிமுகத்தில் கழிவு என்று கசப்பான செய்தியையும் சொல்லும் சுதந்திரம் நிலையத்துக்கு வேண்டும். இல்லாவிட்டால் மக்கள் அதை நம்ப மாட்டார்கள். நம்பாத வானொலி புயல் எச்சரிக்கை சொன்னாலும் பயனில்லை.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்கிறவர்கள் நிலையத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். எந்த நிகழ்ச்சி பயன்பட்டது, எந்த நேரம் வசதி, எந்த ஊரில் ஒலி தெளிவாக இல்லை என்று குறிப்பிட்டு எழுதினால் போதும். கடிதம் வராத நிகழ்ச்சியைக் கேட்பாரில்லை என்று எடுத்துவிடுவது எளிது. மாவட்ட விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் பயிர்க் கடன், பாசனம் ஆகியவற்றோடு ஒலிபரப்பையும் ஒரு கோரிக்கையாக வைக்கலாம். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பலாம். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் விவசாயிகளும் சேர்ந்து கேட்டால் குரலுக்கு வலு கூடும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாக, பாட்டரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றைச் சரிபார்த்து, மாற்றுப் பாட்டரியோடு வீட்டில் வைத்திருப்பது நல்லது.

ஏரிக்கரை உடையாமல் இருக்க, ஊரார் ஆளுக்கொரு கூடை மண் போட்டது குடிமராமத்து. நிலம் அதிகம் உள்ளவர் அதிகக் கூடை போட்டார். நிலம் இல்லாதவரும் ஏரித் தண்ணீரைக் குடித்தார். பொது ஒலிபரப்பையும் அந்த முறையில் பேணினால், எண்ணூர்ப் படகுக்கும் பொன்னேரி வயலுக்கும் செய்தி தவறாமல் வந்து சேரும்.