இணையக் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்?



கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கடலைமிட்டாய், காராச்சேவு போன்ற நம் கரிசல் பக்கத்துப் பண்டங்களை இணையதளம் வைத்து விற்க நம் பிள்ளைகளும் விரும்புகிறார்கள். "மாதம் இத்தனை ஆயிரம் பேரை வரவழைத்துத் தருகிறோம்" என்று விளம்பரக்காரர்கள் பணம் கேட்பார்கள். நகையை அடகு வைத்துப் பணம் புரட்டும் முன், அந்த எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வோம்.

நோன்புக் கஞ்சியை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 200 பேர் வாங்கினால் ரமலானின் 30 நாளில் கணக்கு 6,000. வந்தவர்கள் 6,000 பேர் அல்லர். பெரும்பாலும் அதே முகங்கள்தான். இன்னொரு பக்கம், ஒரு சிறுவன் தூக்குச்சட்டியில் வாங்கிப் போவது வீட்டில் ஐந்து பேருக்கு. இணையதளக் கணக்கிலும் இந்த இரண்டு பிழைகளும் உண்டு.

ஒருவர் ஐந்து பக்கங்களைத் திறந்தால் பக்கப் பார்வை 5. காலையும் மாலையும் வந்தால் வருகை 2. ஆள் ஒருவரே. வந்தவரை அடையாளம் காண, தளம் அவருடைய பிரவுசரில் 'குக்கி' என்னும் சிறு குறிப்பை வைக்கிறது. மறுமுறை அது இருந்தால் பழையவர், இல்லாவிட்டால் புதியவர். குக்கியை அழித்தாலோ வேறு போனில் பார்த்தாலோ, அதே ஆள் மீண்டும் புதியவராகிவிடுவார். வீட்டார் எல்லோரும் ஒரே போனில் பார்த்தால் ஒருவராகவே எண்ணப்படுவர். 'பாட்' எனப்படும் தானியங்கி நிரல்களும் வந்து எண்ணிக்கையைக் கூட்டும். ஐபி முகவரியை வைத்து எண்ணினாலும் சரிவராது. மொபைல் இணைப்பில் பலருக்கு ஒரே முகவரி அமைவதுண்டு.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா உள்ளிட்ட தளங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை, 'ஆட்கள்' என்று சொல்லாமல் 'தனிச் சாதனங்கள்' என்றே கணக்கு வெளியிடுகிறது. அதற்கான குக்கியில் கடைசியாக வந்த தேதி மட்டுமே இருக்கும். அந்தத் தேதி போன மாதத்தது என்றால், இம்மாதக் கணக்கில் ஒன்று கூடும். குக்கி இல்லாமல் வருவோருக்காக ஒரு மதிப்பீட்டைச் சேர்க்கிறார்கள். யாரையும் பின்தொடராமலே எண்ணும் வழி இது.

ஆகவே, பணம் கட்டும் முன் கேளுங்கள்:

1. எண்ணியது பக்கமா, வருகையா, சாதனமா?
2. தினக் கணக்குகளைக் கூட்டி மாதக் கணக்கு என்கிறார்களா?
3. பாட் வருகைகளைக் கழித்தார்களா?

அவர்கள் அனுப்பும் படத்தோடு நின்றுவிடாமல், கணக்குப் பக்கத்தை நீங்களே திறந்து பார்க்கும் அனுமதியை வாங்கிவையுங்கள். அதே மாதத்தில் வந்த ஆர்டர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த தவணையைக் கட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.