மாட்டின் பல்லும் மோட்டாரின் மைலும்

தோட்டத்து லயத்துக்குப் பால்மாடு வாங்க வரும் முதியவரைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் குலத்தைப் பற்றியும் கறவையைப் பற்றியும் விற்பவர் எவ்வளவுதான் அளந்தாலும் அவர் காதிற் போட்டுக்கொள்ள மாட்டார். மெல்ல அருகிற் சென்று, வாயைப் பிளந்து, பல்லைப் பிடித்துப் பார்ப்பார். தானமாகக் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டை அப்படிப் பார்க்காதவன் ஏமாளி என்பது அவர் அனுபவத்திற் கண்ட உண்மை.

அந்த முதியவரின் பேரன் இன்று மாடு வாங்கப் போவதில்லை. மோட்டார் கார் வாங்கப் போகிறான். பதுளையிலோ பண்டாரவளையிலோ மெருகிட்டு நிறுத்தியிருக்கும் வண்டியைக் கண்டதும் அவன் மனம் மயங்கிவிடுகிறது. பாட்டனிடமிருந்து எத்தனையோ பழக்கங்களைக் கற்றவன், பல்லைப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் மறந்துவிடுகிறான்.

கார் என்றால் ஆடம்பரம் என்று எண்ணிய காலம் மலையகத்தில் மறைந்து வருகிறது. மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஒரு தோட்டத்தில், கடைசி பஸ் போய்விட்ட இரவில் ஒரு தாய்க்குப் பிரசவ வேதனை கண்டால், பதுளைப் பெரியாஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அப்பொழுதுதான் தெரியும். தோட்டத்து லொறியையும் அயலாரின் முச்சக்கர வண்டியையும் எதிர்பார்த்து நின்று சலித்த குடும்பம், தனக்கென ஒரு வண்டி வேண்டுமென விரும்புவதில் தவறேதும் இல்லை.

ஆனால் அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது? தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாக உயர்ந்தது 2021இல். அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில். அம்மாவின் சேமலாப நிதி, அக்காளின் சீட்டுப் பணம், கொழும்பில் வேலைசெய்யும் தம்பியின் சேமிப்பு, அடகுக்குப் போன இரண்டு காப்பு — இத்தனையும் சேர்ந்துதான் ஒரு வீட்டின் முதற் கார் ஆகிறது. அக்கார் பழுதாகி முற்றத்தில் நின்றுவிட்டால், நிற்பது கார் மட்டுமன்று. அக்குடும்பமே பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும்.

காலமும் இதற்கு உதவியாக இருக்கவில்லை. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில், பழைய வண்டி மேலும் பழையதாக ஆக, அதன் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறிற்று. வழி திறந்த பின்னரும், வரியின் பாரத்தால் புது வண்டி சாமானியருக்கு எட்டாக்கனியாகவே இருக்கிறது. ஆகவே முதன்முதலாக வாங்குவோரின் கைக்கு எட்டுவது, ஒன்றரை லட்சமோ இரண்டு லட்சமோ கிலோமீற்றர் ஓடிய மாருதி, ஆல்ட்டோ, நிசான் சனி போன்ற வண்டிகள்தாம்.

ஓடியது குற்றமா?

‘இரண்டு லட்சம் ஓடிய வண்டியா? வேண்டவே வேண்டாம்!’ என்று சிலர் ஓட்டம் பிடிப்பார்கள். ‘அறுபதாயிரந்தான் ஓடியது’ என்று விற்பவர் சொன்னதும் வேறு சிலர் மகிழ்ந்து முற்பணம் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் பிழை.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஏர்வ் கோர்டன் என்றொரு பள்ளி ஆசிரியர் இருந்தார். 1966இல் வொல்வோ கார் ஒன்றை வாங்கிய அவர், 2013இல் அதே காரில் முப்பது லட்சம் மைலைத் தாண்டினார். அஃதாவது ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீற்றர்! இதில் மாயமந்திரம் ஏதுமில்லை. காலந்தவறாமல் எண்ணெய் மாற்றி, வண்டியை ஒழுங்காகப் பேணி வந்தார், அவ்வளவுதான். ஓடிய தூரம் வண்டியின் குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம்.

மறைப்பது கடினமுமன்று. முற்காலத்துக் கார்கள் பலவற்றில் மீற்றருக்கு ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999க்குப் பின் அது தானாகவே சுழியத்துக்குத் திரும்பிவிடும். இக்காலத்து மின் மீற்றரையோ, கருவி கையில் இருந்தால், சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். இத்தில்லுமுல்லைத் தடுக்க அமெரிக்கா 1972இலேயே தனிச் சட்டம் செய்ய வேண்டி வந்ததென்றால், இது எவ்வளவு பரவிய வியாதி என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மாணவர்களே, இங்கே ஒரு சிறு கணக்கு. இருபது வயதுக் காரொன்றின் மீற்றர் 60,000 கிலோமீற்றர் காட்டுகிறது. ஆண்டுக்கு 3,000, மாதத்துக்கு 250. பதுளையிலிருந்து கொழும்புக்கு ஒருமுறை போகவே ஏறக்குறைய 230 கிலோமீற்றர் ஆகிறது! மாதம் ஒரு தடவை கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பாமல் அங்கேயே நின்ற காரா இது? நம்பமுடியாத எண்ணைக் கண்டால், மீற்றரை விட்டுவிட்டு மற்றச் சாட்சிகளைத் தேடுங்கள். பிரேக் மிதியின் இறப்பர் தேய்ந்து வழுவழுப்பாயிருக்கிறதா? சாரதியின் ஆசனம் ஒரு பக்கம் அமிழ்ந்திருக்கிறதா? யப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்ததாயின், அங்கு ஏலம் விட்ட நாளில் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருந்தது என்பது ஏலத் தாளில் எழுதப்பட்டிருக்கும், அதைக் கேளுங்கள்.

எலுமிச்சைச் சந்தை

பழுதான காரை அமெரிக்கர் ‘எலுமிச்சை’ என்று ஏளனமாகச் சொல்வார்கள். ஜோர்ஜ் அக்கர்லொவ் என்ற பொருளியலறிஞர் 1970இல் இந்த எலுமிச்சையைப் பற்றியே ஓர் ஆய்வுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று சஞ்சிகைகள் அதை ஏற்க மறுத்திருந்தன. 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளும் பேற்றை அவருக்கு அளித்ததும் அதே ஆய்வுதான்.

அவர் கூறியது இதுவே. வண்டியின் குறைநிறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் அஞ்சி, நடுத்தர விலையே கொடுக்க முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர், ‘இவ்விலைக்கு யார் கொடுப்பார்!’ என்று விலகிக்கொள்வார். இப்படியே நல்லவை விலக விலக, கடைசியிற் சந்தையில் எஞ்சுவது எலுமிச்சையே. அறியாமை வாங்குபவரை மட்டுமன்றி, நேர்மையான விற்பனையாளரையும் கெடுத்துவிடுகிறது. இதற்கு மருந்து ஒன்றே: உள்ளதை உள்ளபடி அறிவது.

மலை சொல்லும் சாட்சி

சமவெளியில் ஓடிய ஒரு லட்சமும் பசறை வளைவுகளில் ஓடிய ஒரு லட்சமும் ஒன்றல்ல. ஏற்றத்தில் கிளச்சு தேயும். இறக்கத்தில் பிரேக் தேயும். கல் பெயர்ந்த தோட்டப் பாதையில் சில்லுகளைத் தாங்கும் மூட்டுகளும் அதிர்வுதாங்கிகளும் தளரும். கொழும்பில் ஓடிய வண்டிக்கோ வேறு வினை உண்டு. நெரிசலில் நிற்கும்போதும் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும், மீற்றர் ஓடாது. ஆகவே எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்பது போதாது. எங்கே ஓடியது, யார் ஓட்டினார் என்றும் கேட்க வேண்டும்.

வண்டியை விடியற்காலையிலே போய்ப் பாருங்கள். என்ஜினைச் சூடேற்றி வைக்க வேண்டாமென முதல் நாளே சொல்லிவிடுங்கள். குளிர்ந்த என்ஜின் இயங்கும்போது நீலப் புகை வந்தால் அது எண்ணெயை எரிக்கிறது; கரும்புகை வந்தால் எரிபொருளை வீணாக்குகிறது. பண்டாரவளைக் குளிரில் தொடக்கத்தில் சிறிது வெண்ணிற ஆவி வருவது இயல்பே. என்ஜின் சூடேறிய பின்னும் அது ஓயாது, ரேடியேட்டர் தண்ணீரும் குறையுமானால் எச்சரிக்கை வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள என்ஜின்கள் பலவற்றில் ஏறக்குறைய ஒரு லட்சம் கிலோமீற்றருக்கொருமுறை அதை மாற்ற வேண்டும். மாற்றிய சிட்டையைக் கேளுங்கள்; அது அறுந்தால் என்ஜினே உடையக்கூடும்.

பின்னர் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, பதுளையிலிருந்து ஹாலிஎல வழியாக அப்புத்தளை வரை ஏறிப் பாருங்கள். சுமார் நாற்பது கிலோமீற்றரில் 680 மீற்றர் உயரத்திலிருந்து 1,430 மீற்றருக்குப் போகிறோம். அப்புத்தளை உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 95 பாகையிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அது கொதிக்காமல் காப்பது, மூடி தாங்கும் அழுத்தமே. மூடி தளர்ந்த வண்டி சமவெளியில் தப்பிக்கொள்ளும்; மலையில் அகப்பட்டுக்கொள்ளும். வெப்பமானியின் முள் மேலே போனால், அன்று மிச்சமானது உங்கள் பணம் என்று எண்ணிக்கொண்டு திரும்பிவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதே பெரிய சோதனை. அப்புத்தளையிலிருந்து பெரகலை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆட்களோடு ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள சிறு கார் ஏறக்குறைய 1,200 மீற்றர் கீழே வருகிறது. இவ்விறக்கத்திற் பிறக்கும் சக்தி முழுவதும் வெப்பமாகுமானால், 35 லீற்றர் குளிர்நீரைக் கொதிக்க வைக்கலாம். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதிற் பெரும்பங்கை என்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டுபவனோ, ‘பெற்றோல் மிச்சம்’ என்று எண்ணி, அத்தனையையும் பிரேக்கின் தலையிற் கட்டுகிறான். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது, ஈரமேறிய பழைய எண்ணெய் இந்தச் சூட்டிற் கொதித்து ஆவியானால், மிதி அடிவரை இறங்கும், வண்டி நிற்காது. ஆகவே ஈராண்டுக்கொருமுறை அதை மாற்றுவது சிலாக்கியம். கைப்பிரேக்கையும் ஏற்றத்தில் நிறுத்திச் சோதியுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நாலு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர்.

2021 மார்ச்சில் பசறைக்கருகே ஒரு பஸ்ஸும், 2025 செப்டெம்பரில் எல்ல – வெல்லவாய வீதியில் இன்னொரு பஸ்ஸும் பள்ளத்தில் வீழ்ந்தன. இரண்டிலும் பலர் மாண்டனர். ஊவாவின் மலைச்சாலையில் ஒரு தவறுக்கு மறுதவணை கிடையாது என்பதை அத்துயரங்கள் நமக்கு உணர்த்துகின்றன.

புத்தகமும் அங்குசமும்

வண்டி தேறினாலும் அதன் பத்திரங்கள் தேற வேண்டும். என்ஜின் இலக்கமும் சட்டக இலக்கமும் பதிவுச் சான்றிதழோடு பொருந்துகின்றனவா? முன்னைய சொந்தக்காரர் எத்தனை பேர்? லீசிங் கம்பனியின் பெயர் உரிமையாளர் வரிசையில் இன்னும் நிற்கிறதா? நிற்குமானால், கடன் தீர்ந்ததென்ற வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள். வெற்றுப் படிவத்திற் கையொப்பமிட்டுக் கைமாற்றும் ‘ஓப்பன் பேப்பர்’ வழக்கமும் ஆபத்தானது. கையொப்பமிட்டவர் நாடு கடந்துவிட்டாலோ காலமாகிவிட்டாலோ, வண்டி உங்கள் வீட்டிலும் உரிமை வேறொருவர் பெயரிலுமாக நின்றுவிடும். வாங்கியவுடன் காலந்தாழ்த்தாது பெயரை மாற்றிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் பழக்கமான கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவர் கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் காட்டும் கராஜ் வேண்டாம். கையிலுள்ள பணம் முழுவதையும் கிரயமாகக் கொடுத்துவிடவும் வேண்டாம். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் காசில்லாமல் நிற்பதுபோல் ஆகிவிடும். பழைய வண்டிக்கு எண்ணெய், பெல்ட், பிரேக், டயர் என்று முதல் மாதத்திலேயே செலவு வரும். ஐந்தில் ஒரு பங்கையாவது அதற்கென ஒதுக்கிவைப்பது விவேகம்.

வண்டி வீட்டுக்கு வந்து, தேங்காய் உடைத்து, பிள்ளைகள் ஒரு சுற்றுப் போய் வந்த பின், இன்னொரு காரியம் இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்து, எண்ணெய் மாற்றிய நாள், மீற்றர் காட்டிய எண், திருத்திய பழுது ஆகியவற்றை ஒவ்வொன்றாக எழுதி வாருங்கள். வீட்டிலுள்ள மாணவனிடமே அப்பொறுப்பைக் கொடுக்கலாம். என்றோ ஒரு நாள் உங்கள் வண்டியை வாங்க, இன்னொரு தோட்டத்திலிருந்து இன்னொரு குடும்பம் தன் சேமிப்பையெல்லாம் சேர்த்துக்கொண்டு வரும். அப்பொழுது மெருகிட்ட கதவைக் காட்டாதீர்கள். அக்கொப்பியை அவர்கள் கையிற் கொடுங்கள். தன் மாட்டின் வாயைத் தானே திறந்து காட்டி விற்றவர்களும் நம் பாட்டன்மாரில் இருந்தார்கள் அல்லவா?