இணைய முகவரியும் வழிப்பட்டியலும்

தபாற்கந்தோருக்கு வரும் கடிதங்கள் விலாசம் பார்த்துப் பிரிக்கப்பட்டு, உரிய தபாற்காரரிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இணையத்தளத்திலும் இத்தகைய பணியொன்று உண்டு. ஒருவர் முகவரியொன்றைக் கேட்டதும், அதற்கு மறுமொழி கூறவேண்டிய செய்நிரல் யாதெனத் தெரிந்தெடுத்தலே அப்பணியாகும்.

தொடக்க காலத்தில் முகவரி என்பது பெரும்பாலும் கோப்பு இருக்குமிடத்தையே குறித்தது. கோப்பு இடம் மாறின், முகவரியும் பயனற்றதாயிற்று. அதனைக் குறித்து வைத்திருந்த வாசகர் ‘காணப்படவில்லை’ என்னும் 404 ஆம் இலக்க மறுமொழியையே பெற்றார். உலகளாவிய வலையை ஆக்கிய ரிம் பேர்ணேர்ஸ் லீ, முகவரிகள் மாறலாகாதென 1998 இல் வற்புறுத்தி எழுதினார்.

இக்குறையை நீக்கும் வழியை ஜாங்கோ என்னும் மென்பொருட் சட்டகத்திற் காணலாம். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள லோறன்ஸ் நகரச் செய்தித்தாளொன்றின் அலுவலகத்தில் 2003 இல் உருவாகத் தொடங்கிய இது, 2005 இல் யாவர்க்கும் வெளியிடப்பட்டது. இதில் வழிப்பட்டியலொன்று உண்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு முகவரி வடிவமும் அதற்குரிய செய்நிரலும் குறிக்கப்படும். பட்டியல் மேலிருந்து கீழாக ஒப்புநோக்கப்படும். முதலிற் பொருந்தும் வரியே கொள்ளப்படும். ஆதலால், ‘கட்டுரைகள்/2003’ என்னும் சிறப்பு வரி, எந்த ஆண்டையும் ஏற்கும் பொது வரிக்கு மேலே நிற்றல் வேண்டும். கீழே நின்றால் அதன் முறை ஒருபோதும் வாராது.

தளம் அமைப்போர் தம் தேவைக்கேற்பப் புதிய மாற்றிகளையும் ஆக்கிக்கொள்ளலாம். மாற்றியொன்றுக்கு உறுப்புகள் மூன்று. முதலாவது, ஏற்கத்தக்க எழுத்து வடிவம் எதுவெனக் கூறும். இரண்டாவது, முகவரியிலுள்ள ‘யூலை’ என்னும் சொல்லை 7 என்னும் எண்ணாக்கிச் செய்நிரலுக்கு அளிக்கும். மூன்றாவது, 7 என்பதை மீண்டும் ‘யூலை’ ஆக்கி முகவரியில் எழுதும். பன்னிரு மாதங்களுள் அடங்காத சொல் வருமாயின், மாற்றி அதனை மறுக்கும். தேடல் அடுத்த வரிக்குச் செல்லும்.

வரிகளுக்குப் பெயரிடலும் இயலும். பக்கங்கள் முகவரியை நேரே எழுதாது அப்பெயரைச் சுட்டினால், பட்டியலில் ஒரு வரியைத் திருத்தியதும் தளத்தின் உள்ளிணைப்புகள் யாவும் தாமே திருந்தும்.

ஆயினும் இந்நன்மை தளத்திற்குள் மட்டுமே. மாணவன் தன் குறிப்பேட்டில் எழுதிய முகவரியையோ, நூலொன்றில் அச்சேறிய முகவரியையோ எவரும் திருத்த இயலாது. எனவே, வடிவத்தை மாற்றுவோர் பழைய வரியை அழித்துவிடாது, புதிய இடத்துக்கு வழிகாட்டும் வரியாக அதனை வைத்தல் வேண்டும். வீடு மாறியவர் தபாற்கந்தோருக்குப் புதிய விலாசத்தை அறிவித்துச் செல்வதும் இதன்பொருட்டே.