செல்போனை நம்பி மோட்டாரை விட்டுவிடலாமா?

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை வரையுள்ள மணற்பாங்கான நிலங்களில், மழையால் மணலுக்குள் இறங்கிய நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்திற்கு மேல் ஓரடி இருந்தால், கடல் மட்டத்திற்குக் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. அளவுக்கு மீறி இறைத்து மட்டம் தாழ்ந்தால் அடியிலுள்ள உப்பு நீர் கிணற்றை நோக்கி மேலே ஏறும். ஏறிய உப்பு உடனே இறங்காது. ஆகவே இங்கு மோட்டாரைப் போடுவதைவிட உரிய நேரத்தில் நிறுத்துவதே முக்கியமான வேலை.

இப்போது பலர் செல்போன் மூலம் இயங்கும் ஸ்டார்ட்டர்களைப் பொருத்தி வருகின்றனர். புனேயைச் சேர்ந்த சந்தோஷ் ஓஸ்த்வாலின் 'நானோ கணேஷ்' இவ்வகையில் முன்னோடி. தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் வழங்கியிருக்கிறது. இரவில் பாம்புக்கும் பன்றிக்கும் பயந்து வயலுக்கு நடக்க வேண்டியதில்லை என்பது உண்மையிலேயே பெரிய வசதிதான். ஆனால் செயலியில் 'இணைப்பு உள்ளது' என்று பச்சை விளக்கு தெரிவதன் பொருளைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

புளூடூத் முறையில் செல்போனும் ஸ்டார்ட்டரும் நேருக்கு நேர் பேசுகின்றன. கிணற்றடியில் நின்றால்தான் வேலை செய்யும். இணைப்பு அறுந்தால் சில விநாடிகளில் செல்போனுக்குத் தெரிந்துவிடும். சிம் அட்டை உள்ள ஸ்டார்ட்டர் அப்படியன்று. அது செல்போன் கோபுரம் வழியாக நிறுவனத்தின் கணினிக்கு, குறிப்பிட்ட இடைவெளியில் 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்புகிறது. செயலி காட்டுவது கடைசியாக வந்த அந்தச் செய்தியை மட்டுமே. அடுத்த செய்தி வராமல் சிறிது நேரம் கழிந்த பிறகே, இணைப்பு போய்விட்டது என்று செயலி முடிவு செய்யும். அதுவரை திரையில் இருப்பது பழைய சேதி.

இந்த இடைவெளி எவ்வளவு என்பதை ஒவ்வொருவரும் தம் கருவியில் சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் கிணற்றடியில் நின்று ஸ்டார்ட்டருக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். வீட்டில் இருப்பவர் செயலியைப் பார்த்து, எத்தனை நிமிடம் கழித்துப் பச்சை மறைகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். உள்ளே பேட்டரி உள்ள கருவி 'மின்சாரம் இல்லை' என்று உடனே சொல்லக்கூடும். பேட்டரி இல்லாதது ஊமையாகிவிடும். சிம் அட்டைக்குப் பணம் கட்டத் தவறினாலும், புயலில் கோபுரம் செயலிழந்தாலும் இதே நிலைதான். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இணைப்பு இருக்கிறது என்பதற்கும் மோட்டார் ஓடுகிறது என்பதற்கும் சம்பந்தம் இல்லை. மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை அளந்து ஆம்பியரில் காட்டும் கருவியே ஓட்டத்தைச் சொல்லும். நிறுத்தும் கட்டளை கொடுத்தபின் அந்த அளவு சுழியத்துக்கு வந்துவிட்டதா, அருகிலுள்ள நேரம் இப்போதைய நேரம்தானா என்று பார்க்க வேண்டும். நேரம் பழையதாக இருந்தால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதே வழி.

கருவி வாங்கும்போது, நேரக் கட்டுப்பாடு ஸ்டார்ட்டருக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. அரை மணி என்று வைத்துவிட்டால், கோபுரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மோட்டார் நின்றுவிடும். செயலியில் மட்டும் உள்ள நேரக் கட்டுப்பாடு, இணைப்பு அறுந்தால் பயன்படாது. அதேபோல, மின்சாரம் வந்தவுடன் தானே மோட்டாரை இயக்கும் 'ஆட்டோ' அமைப்பை இந்த மணல் கிணறுகளில் அணைத்து வைக்க வேண்டும். நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்து, விடியும்வரை இறைத்த பிறகு வரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.