பிளக் பாயிண்ட் எந்த இடத்தில் இருக்க வேண்டும்?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பகுதியில் இருக்கிறது மம்சாபுரம். இது போன்ற விவசாய ஊர்களில் பழைய வீடுகளுக்கு ஒயரிங் செய்த நாளில் இரண்டு மூன்று விளக்கும் ஒரு பிளக் பாயிண்டும் போதுமானதாக இருந்தது. 2006 முதல் அரசின் வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் வீடுகளுக்கு வந்தன. சாமான்கள் கூடிய அளவுக்குப் பிளக் பாயிண்டுகள் கூடவில்லை. அதனால் ஒரே பாயிண்டிலிருந்து நீண்ட ஒயர் இழுத்து, தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்திலும் நடை பாதையிலும் போட்டுப் புழங்குகிறார்கள். மின் விபத்துக்கு இதுவே வழி செய்கிறது.

ஈரக் கையும் ஈரத் தரையும் மின்சாரம் உடம்பில் பாய்வதை எளிதாக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவே உயிருக்கு ஆபத்தாகலாம். 9 வாட் எல்.இ.டி. பல்பு எரிவதற்கு இதைவிட அதிகம் வேண்டும். ஆகவே சுவிட்சையும் பிளக் பாயிண்டையும் ஒயர் மிச்சமாகும் இடத்தில் வைப்பது தவறு. தண்ணீருக்கு எட்டாமலும், வீட்டில் உள்ள எல்லோருடைய கைக்கும் எட்டும்படியும் வைக்க வேண்டும்.

உயரம்

சுவிட்ச் போர்டு தரையிலிருந்து 4 அடி உயரத்தில் இருப்பது பொதுவாக வசதியானது. முதியவர்களோ, சக்கர நாற்காலியில் இருப்பவர்களோ உள்ள வீட்டில் 3 முதல் 3½ அடி உயரம் ஏற்றது. கதவின் பின்னால் போர்டு வைக்கக் கூடாது. தாழ்ப்பாள் பக்கத்துச் சுவரில், உள்ளே நுழைந்ததும் கை படும் இடத்தில் வைக்க வேண்டும். முதியவர் படுக்கும் கட்டிலருகே விளக்குக்கு ஒரு சுவிட்ச் இருந்தால், இரவில் இருட்டில் தடவிச் சென்று விழ நேராது.

தரையை ஒட்டிய பிளக் பாயிண்டில் வீடு கழுவும் தண்ணீர் தெறிக்கும். குழந்தைகள் ஆணியையும் குச்சியையும் நுழைப்பார்கள். தாழ்வாக வைத்தே தீர வேண்டுமானால், துளைகள் தானே மூடிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

சமையலறை, குளியலறை

சமையல் மேடைக்கு மேல் முக்கால் அடியாவது உயர்த்தி, தண்ணீர்க் குழாயிலிருந்து 3 அடியாவது தள்ளிப் பாயிண்ட் வைப்பது நல்லது. அடுப்புக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. ஒயர் அடுப்பைத் தாண்டிப் போகவும் கூடாது.

குளியலறை விளக்கின் சுவிட்ச் வெளிச் சுவரில் இருக்கட்டும். உள்ளே பிளக் பாயிண்ட் அவசியமானால், 130 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், தண்ணீர் தெறிக்காத சுவரில் வைக்க வேண்டும். வாளியில் போடும் 1,500 வாட் ஹீட்டர் 6½ ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பாயிண்டில் செருகினால் சூடேறி உருகும். 16 ஆம்பியர் பாயிண்டே தேவை. சுவிட்சை நிறுத்தி, பிளக்கையும் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்க வேண்டும்.

தொழுவும் மோட்டார் அறையும்

மாட்டுத் தொழுவில் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். மாடு உரசும், நக்கும். மனிதரைவிட மாட்டுக்குக் குறைந்த மின் அழுத்தமே ஆபத்தாகும். எனவே தொழு விளக்கின் சுவிட்சை மாட்டின் கயிறு எட்டாத வெளிச் சுவரில், மழை படாமல் கூரைக்கு அடியில் அமைக்க வேண்டும்.

மோட்டார் அறையில் விளக்கின் சுவிட்ச் வாசலை ஒட்டியே இருக்க வேண்டும். ஓடும் மோட்டாரைத் தாண்டிக் கை நீட்டும் இடத்தில் ஸ்டார்ட்டர் இருப்பது ஆபத்து. அதன் முன் உலர்ந்த பலகை ஒன்றைப் போட்டு, அதன் மேல் நின்று இயக்குவது நல்லது. மோட்டாருக்கும் ஸ்டார்ட்டரின் இரும்புப் பெட்டிக்கும் எர்த் இணைப்பு கட்டாயம்.

ஒயர்மேனிடம் கேட்க வேண்டியவை

1. சுவிட்ச் பேஸ் ஒயரில் உள்ளதா? நியூட்ரலில் இருந்தால், விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும்.

2. மூன்று முனை பாயிண்டின் மேல் துளைக்கு எர்த் ஒயர் உண்மையிலேயே வந்துள்ளதா? பல வீடுகளில் துளை மட்டுமே இருக்கும். பிளக்கின் பெரிய முனையை ஒடித்துவிட்டு இரண்டு முனையாகச் செருகுவது உயிரோடு விளையாடுவதாகும்.

3. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உள்ளதா? மின்சாரம் கசிந்தால் நொடிக்குள் இணைப்பைத் துண்டிக்கும் கருவி இது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்.

உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கொண்டே வேலையைச் செய்வது நல்லது. ஃபியூசில் தடித்த கம்பியைப் போடக் கூடாது.

ஷாக் அடித்தால்

விழுந்தவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால் உலர்ந்த மரக் கம்பால் ஒயரை விலக்கிவிட்டு, உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். ஆகவே மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் வீட்டில் குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் முன் நெல் மூட்டையோ உர மூட்டையோ அடுக்கக் கூடாது. தெருவிலோ வயலிலோ மின் கம்பி அறுந்து கிடந்தால் நெருங்காமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குத் தெரிவிக்கலாம்.

ஐப்பசி அடைமழையில் சுவர்கள் ஓதம் கொள்ளும். புரட்டாசியிலேயே எந்தப் போர்டு ஈரச் சுவரில் உள்ளது, எந்தப் பிளக் சூடாகிறது என்று பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு பாயிண்டையாவது இடம் மாற்றிவிடலாம். செலவு சிறிது, காப்பது உயிரை.