ஆகாயத் துணுக்குகளை எண்ணும் இலேசான லேஸர் கருவி

களஞ்சியத்துக் கூரையின் துவாரம் வழியே வெயிற்கீற்று விழும்போது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த தூசிகள் மின்னுவதை விவசாயிகள் யாவரும் கண்டிருப்பர். வாயுமண்டலத்தில் மிதக்கும் நுண்துணுக்குகளை எண்ணுவதற்கு இக்காலத்தில் வழங்கும் லேஸர் கருவிகளுக்கும் இதுவே ஆதாரமாகும்.

இத்துணுக்குகளால் பயிருக்கு யாது என வினவலாம். மேகத்தின் நீர்த்துளி ஒவ்வொன்றும் இத்தகைய ஒரு துணுக்கைப் பற்றியே உருவாகின்றது. அன்றியும், மேல் ஆகாயத்தில் இவை பெருகின் வெயில் குறையும். 1815-ம் வருஷத்தில் ஜாவாவுக்குக் கிழக்கேயுள்ள சும்பாவாத் தீவில் தம்போரா எரிமலை வெடித்ததன் பயனாக, மறு வருஷம் மேற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவின் வடகீழ்ப் பகுதியிலும் கோடையில் குளிர் மிகுந்து விளைச்சல் பாழாயிற்று. 1991-ல் பிலிப்பைன்ஸ் தேசத்துப் பினாட்டுபோ மலை வெடித்தபின், பூமியின் சராசரி உஷ்ணம் சுமார் அரை டிகிரி செல்ஸியஸ் தணிந்தது. பெரிய துணுக்குகள் விரைவில் கீழிறங்கிவிடும். நுண்ணியவை ஓரிரு வருஷம் மேலே தங்கி வெயிலைத் தடுக்கும். ஆகவே எத்தனை என்பதோடு எவ்வளவு பருமன் என்பதும் தெரிதல் வேண்டும்.

இதற்குரிய கருவிகள் பெரும்பாலும் பளுவும் விலையும் மிக்கவை. ஆகாய விமானத்திலேயே ஏற்றத்தக்கவை. அமெரிக்க அரசாங்கத்தின் சமுத்திர வாயுமண்டல இலாகாவைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2016-ல் விவரம் வெளியிட்ட 'பாப்ஸ்' என்னும் கருவியோ சுமார் 800 கிராம், அதாவது ஒன்றேமுக்கால் ராத்தல் நிறையே உள்ளது. அடுக்கடுக்காகப் பதித்து வளர்க்கும் முப்பரிமாண அச்சு முறையில் அதன் பாகங்கள் செய்யப்பட்டமையால் நிறையும் செலவும் ஒருங்கே குறைந்தன. 2016-ல் சாமான்களின் கிரயம் ஏறக்குறைய 2,500 டாலராயிருந்தது. 7 வாட் மின்சாரம் அதற்குப் போதும்.

கருவி காற்றை மெல்லிய இழையாக இழுத்து, 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஊதா லேஸர் கதிரின் குறுக்கே செலுத்துகின்றது. துணுக்கு ஒவ்வொன்றும் கதிரைக் கடக்கையில் ஒளியைச் சிதறடிக்கும். அவ்வொளியை ஒரு சிறு கண்ணாடி திரட்டி, ஒளியுணரும் குழாயில் சேர்க்கும். மின்னல்களின் எண்ணிக்கை துணுக்குகளின் தொகையையும், ஒவ்வொரு மின்னலின் வலிமை அதனதன் பருமனையும் காட்டும். ஊதா ஒளியைத் தெரிந்துகொண்டது தக்க யோசனையே. மிக நுண்ணிய துணுக்குகள் சிவப்பைவிட ஊதாவைப் பன்மடங்கு மிகுதியாகச் சிதறடிக்கும். எனவே கருவி சிறிதாயினும், மில்லிமீட்டரில் ஏழாயிரத்தில் ஒரு பங்குள்ள துணுக்குவரை அதற்குப் புலப்படும்.

குறைகளும் இல்லாமலில்லை. அறுவடைக்குப்பின் தாள் கொளுத்தும் வயல்களின் மேல் எழுவது போன்ற அடர்ந்த புகையில், இரு துணுக்குகள் ஒருமிக்கக் கடந்தால் கருவி அவற்றை ஒன்றாகவே எண்ணும். கரித்துகள் ஒளியை விழுங்குவதால் உள்ள பருமனுக்குக் குறைவாகத் தோன்றும். அளவு தெரிந்த நுண்ணுருண்டைகளைச் செலுத்திக் கருவியைச் சரிபாராமல் அதன் கணக்கை நம்பலாகாது.

2022-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி தொங்கா தேசத்தருகே கடலடி எரிமலை ஒன்று வெடித்தது. சில தினங்களுக்குள்ளாகவே, அதன் புகைப்படலம் வந்தடைந்த இந்து மகாசமுத்திரத்து ரெயூனியன் தீவிலிருந்து, இக்கருவிகள் பலூன்களில் உயர்த்தப்பட்டன. வெடிப்பு ஏராளமான நீராவியை மேலே வீசியிருந்தமையால், கந்தகத் துணுக்குகள் வழக்கத்தைவிட வெகு விரைவில் உண்டாகியிருந்தமை அப்பொழுது தெரிய வந்தது.