மித்திக் கரையில் மாசி மாதம்

ஊருக்கு அழகு ஆறே என்று கருதியவர்கள் நம் முன்னோர். பொருநைக் கரையிலும் காவிரிக் கரையிலும் பிறந்து, பிழைப்பின் பொருட்டுப் பம்பாய் வந்து சேர்ந்த நம்மிடம் "உங்கள் ஆறு எது?" என்று எவரேனும் வினவினால், பிறந்த ஊர் ஆற்றின் பெயரையே சொல்வோம். குர்லாவிலும் ஓர் ஆறு உண்டு என்பது நம் நினைவிற்கு வருவதில்லை. அதனை 'நாலா' என்று சொல்லி, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து விடுகிறோம். மித்தி என்பது அதன் பெயர்.

குளிர் நாடுகளில் இளவேனில் பிறந்ததும், டிரவுட் என்னும் மீனைப் பிடிக்க மக்கள் தூண்டிலும் கையுமாக ஆற்றங்கரைக்குப் புறப்படுவர். நம் நீலகிரியிலும் அம்மீன் உண்டு. அதனை அங்கே குடியேற்ற 1860-களில் பிரான்சிஸ் டே என்பார் செய்த முயற்சி கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பாரின் உழைப்பால், 1907 ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைந்து அது நிறைவேறிற்று. டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நின்று, மிதந்து வரும் பூச்சிகளைக் கவ்வும் இயல்புடையது. ஆதலின் அதனைப் பிடிக்க விரும்புவோன் எந்தப் பூச்சி எப்பொழுது பறக்கிறது, எந்தப் பறவை எங்கே தாழ்கிறது என்பனவற்றையெல்லாம் பொறுமையுடன் கற்றாக வேண்டும். மீன் அகப்படாத நாளிலும் அவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. ஆற்றை அறிந்து திரும்புகிறான்.

மித்தியில் டிரவுட் வாழாது. தெளிந்து குளிர்ந்த நீரே அதற்கு உயிர். இங்கோ வெப்பமும் கழிவும் மிகுதி. இந்நீரில் மீன் பிடித்து உண்பதும் தகாது. ஆயினும் தூண்டிற்காரனின் பொறுமையை மட்டும் நாம் கைக்கொண்டால், இவ்வாறும் நமக்குத் தன்னைக் காட்டும்.

விஹார், போவாய் ஏரிகளின் வழிநீரே மித்தி. அது விமான நிலைய ஓடுபாதையின் அடியில் நுழைந்து, குர்லாவைத் தழுவி, தாராவியின் ஓரமாக ஓடி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் கடந்து மாஹிமில் கடலை அடைகிறது. கடலின் ஏற்றமும் வற்றமும் கழிமுகத்தில் நாள்தோறும் இரு முறை நிகழும். வற்றத்தின்போது சேறு வெளிப்படும். அதுவே பறவைகளின் பந்தி. அந்நேரத்தை அறிய நம் வீட்டுப் பஞ்சாங்கமே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் பம்பாயில் காலை ஆறு, ஏழு மணியளவில் நீர் வற்றியிருக்கும்; அட்டமியை ஒட்டி நண்பகலில் வற்றும்.

மாசி மாதத்தில் அச்சேற்றைச் சற்று உற்று நோக்குங்கள். வாடிய புல்லின் நிறத்தில் அசையாது நிற்கும் மடையான், எழுந்து பறந்ததும் வெண்சிறகு விரித்து வேறொரு பறவையாகி விடும். சிவந்த நெடுங்கால் உள்ளான் சேற்றைக் கிளறி நடக்கும். நீரை விட்டு ஏறிச் சேற்றில் துள்ளும் சிறு மீன் ஒன்று உண்டு. மராத்தியர் அதனை நிவ்டி என்பர். பாந்திராவுக்கும் மாஹிமுக்கும் இடையே ரயில் பாலத்தைக் கடக்கையில் கடற்காகங்களைக் காணலாம். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலம் முழுதும் தலை வெண்மையாகவே இருக்கும். கண்ணின் பின்னே ஒரு கரும்புள்ளி மட்டும் தோன்றும். பங்குனி நெருங்க நெருங்கத் தலையில் பழுப்பு நிறம் ஏறும். லடாக்கு, திபெத்து ஏரிகளுக்கு அது புறப்படப் போகிறது என்பதன் அறிகுறி அது. கோடை விடுமுறைக்கு ஊர் செல்லப் புத்தாடை எடுக்கும் நம் குடும்பங்களை அது நினைவூட்டவில்லையா?

இருப்புப்பாதைப் பணியில் உள்ள நாம் மற்றொன்றும் சொல்லலாம். குர்லாவில் பன்வேல் வண்டி ஏறி, மான்குர்துக்கும் வாஷிக்கும் இடையே உள்ள பாலத்தில் சன்னலருகே அமருங்கள். வற்ற நேரத்தில் பூநாரைக் கூட்டம் கண்ணிற்படக் கூடும். அவற்றின் செந்நிறம் உண்ணும் நுண்பாசியினால் வருவது. அந்தத் தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015 ஆம் ஆண்டில் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022 ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் நிலமாகவும் ஏற்கப்பட்டது. தாராவி அன்பர்களுக்கோ நடை தூரத்திலேயே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை கொட்டிய 37 ஏக்கர் மேடு இன்று மித்திக் கரையில் காடாகி நிற்கிறது.

இவை வெறும் பொழுதுபோக்குச் செய்திகள் அல்ல. 2005 ஆம் ஆண்டு ஜூலை 26 ஆம் நாளை நம்மில் எவர் மறப்பார்? சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிற்று. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, மித்தி கரை கடந்து குர்லாவினுள் புகுந்தது. வண்டிகள் தண்டவாளத்திலேயே நின்றன. மாநகரில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பெருகும் நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய சதுப்பும் கண்டற்காடும் பலவிடங்களில் தூர்க்கப்பட்டிருந்தன. ஆற்றின் அகலமும் குறுகியிருந்தது. கரையில் குடிசை போட்ட ஏழையின்மேல் மட்டும் பழி சுமத்துவது நேர்மையன்று. பெரிய அலுவலகங்களும் ஆற்றின் சதுப்பிலேயே எழுந்துள்ளன. அவ்வாண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் கண்டற்காடுகளை அழிக்கத் தடை விதித்தது. 2018 ஆம் ஆண்டின் தீர்ப்பிலும் அதனை வலியுறுத்தியது. கொக்குக்கு இரையளிக்கும் சேறும் நம் வீட்டினுள் வெள்ளம் புகாது தாங்கும் நிலமும் ஒன்றே என்பதை நாம் உணர வேண்டும்.

நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்தை அறியாதார் சிலரே. அங்கே வீட்டு மரங்களிலும் நாரைகள் கூடு கட்டும். அவை வெருளாதிருக்கத் தீபாவளிக்கும் வெடி வெடியாத ஊர் அது. 1994 ஆம் ஆண்டில் அரசு சரணாலயமென அறிவிக்குமுன்பே ஊரார் அப்பறவைகளைத் தம் விருந்தாளிகளாகக் காத்து வந்தனர். அப்பண்பைக் கொண்டுவர ரயிலில் தனிக் கட்டணம் ஏதும் இல்லை!

ஆகவே அன்பர்களே, இம்மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கரைக்குச் செல்லுங்கள். ஒரு நாழிகை பேசாது நில்லுங்கள். கண்ட பறவைகளின் பெயர்களைத் தமிழில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் செய்யுங்கள். கண்டறிந்த ஆற்றில் குப்பையை எறிய அப்பிள்ளைகளுக்குக் கை எழாது. நாளை எவரேனும் அதனைத் தூர்க்க முற்பட்டால், ஏன் என்று கேட்கும் துணிவும் அவர்களுக்கு உண்டாகும்.